பதினேழாம் அட்டவணையும் நாலாம் படமும்

அறுபதுகளின் நடுப்பகுதியில், மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் இது நடந்தது. இடம் கிளிநொச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விவசாயிகளைக் குளத்தின் கீழே குடியேற்றிய திட்டம் ஒன்றில், பின் விறாந்தையில் ரைப்ரைற்றர் வைத்திருந்த ஒரு வீடு. என் முதுமாணிப் பட்ட ஆய்வேட்டின் கடைசி வேலை அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குள் அது கட்டிய புத்தகமாக மலைநாட்டிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்கனவே ஒரு தடவை தவணை கேட்டு வாங்கியிருந்தேன். இனித் தவணை இல்லை என்று எழுத்திலேயே வந்திருந்தது.

நான் இயல்பிலேயே பதறுகிற ஆள். காலைக் கோச்சி எட்டு மணிக்கு என்றால் ஆறரைக்கே ஸ்டேசனில் நிற்பேன். நின்றபடி, வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்று யோசிப்பேன். இப்படிப்பட்டவனுக்கு அந்தக் கடைசி மூன்று நாட்களும் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆய்வு அந்தக் குடியேற்றத்தைப் பற்றியதுதான். முந்தின வருடம் முழுக்கச் சைக்கிளில் திரிந்து அறுபது குடும்பங்களிடம் கேள்விகள் கேட்டிருந்தேன். எத்தனை மாடு, எவ்வளவு பசளை, எத்தனை பிள்ளைகள் என்று தொடங்கிய கேள்விகள் பழகப் பழக வேறு பக்கம் போயின. அரசாங்கம் அந்த மக்களுக்குக் காணி கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வயலைப் பிரிக்கக் கூடாது. அது ஒருவர் பெயரில் இருந்து அவருக்குப் பின் ஒருவருக்கே போக வேண்டும். யாழ்ப்பாணத்து மனிதருக்கோ பெண்பிள்ளை பிறந்தால் சீதனக் காணி தேட வேண்டும். அது இல்லாமல் கலியாணப் பேச்சே எழும்பாது. அதனால் பல வயல்களின் நடுவே, சத்தம் போடாமல், புதிதாக ஒரு வரம்பு எழும்பியிருந்தது. ஒரு பாதி தகப்பனுக்கு, மற்றப் பாதி மருமகனுக்கு. எழுத்தில் ஒன்றும் இல்லை. காணிக் கந்தோருக்கு, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு, தெரிந்தால் காணியின் அனுமதிப் பத்திரமான பெர்மிற்றையே ரத்துச் செய்து மொத்தக் காணியையும் எடுத்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியவராது என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த மனிதர்கள் என்னிடம் வாயைத் திறந்தார்கள்.

என் ஆய்வின் உயிரே அந்தப் பகுதிதான் என்று ஆகிவிட்டது. அதுதான் பதினேழாம் அட்டவணை. அதில் யாருடைய பெயரையும் போடவில்லை. வீடுகளுக்கு நானே ஒன்று முதல் அறுபது வரை இலக்கம் வைத்து, அந்த இலக்கங்களை மட்டும் போட்டிருந்தேன். இதைவிடக் கவனமாக ஒருவன் இருக்க முடியாது என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு பெருமை.

ரைப் அடித்துத் தந்த அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு புறக்டரிடம், அதாவது ஒரு வழக்கறிஞரிடம், வேலை பார்த்தவர். பிறகு தாய் தகப்பனின் வளவுக்குள்ளேயே ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு கணவரோடு வந்துவிட்டார். அவருடைய தகப்பனும் நான் கேள்வி கேட்ட அறுபது பேரில் ஒருவர். அங்கே போய் வரும்போதுதான் அந்த வீட்டில் ரைப்ரைற்றர் இருப்பது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்குக் கதை குறைவு. விரல் மட்டும் ஓடும். ஒருநாள், "நான் இங்கிலீசிலை எழுதினது விளங்குதோ அக்கா?" என்று கேட்டேன். "நான் வாசிக்கிறேல்லைத் தம்பி. வாசிச்சால் பிழை வரும். எழுத்தைப் பாத்து எழுத்தை அடிக்கிறன், அவ்வளவுதான்" என்றார்.

ஆய்வேட்டின் முன்பக்கங்களில் வரும் அட்டவணைகளின் பட்டியலையும் படங்களின் பட்டியலையும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அடிக்க முடியும். பக்க எண்கள் அப்போதுதான் முடிவாகும். இந்த இரண்டு பட்டியலுக்கும் என் பேராசிரியர் ஒரு முழுத் தாளில் கட்டளைகள் எழுதித் தந்திருந்தார். உள்ளே தலைப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல், பட்டியலிலும் வர வேண்டும். தலைப்பு முடிந்த இடத்திலிருந்து பக்க எண் வரை புள்ளி வரிசை போக வேண்டும். பக்க எண்களின் கடைசி இலக்கங்கள் நூல் பிடித்த மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். இதற்காக அக்கா ஒவ்வொரு வரியையும் அடிக்க முன், எழுத்துக்களை வாய்க்குள் எண்ணி, ஒரு தாளில் கணக்கு வைத்துக்கொள்வார். ஐந்து பிரதிகள், மேல் தாளுக்குக் கீழே நாலு காபன். ஒரு புள்ளி பிழைத்தால் ஐந்திலும் அழிக்க வேண்டும்.

முதல் நாள் செவ்வாய்க்கிழமை இரண்டு காரியம் செய்திருந்தேன். ஒன்று, ஐந்து பிரதியில் ஒன்றைக் கட்டாமல் ஒரு பைலில் போட்டுக் காணிக் கந்தோரில் கொடுத்தது. ஒரு பிரதி தர வேண்டும் என்ற பேச்சின் மேல்தான் ஆய்வு செய்யவே அவர்கள் அனுமதி தந்திருந்தார்கள். பட்டியல்களை மறுநாள் கொண்டு வருகிறேன் என்று காணி உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். மற்றது, அதே கந்தோரில் இருந்த படவரைஞரிடம் நாலாம் படத்தின் பிரதிகளை வாங்கியது. நான் போன வீடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் படம் அது. அந்த மனிதர் வாய்க்கால், ஒழுங்கை, கோயில் எல்லாம் போட்டு, ஒவ்வொரு வீட்டையும் ஒரு சின்னச் சதுரமாகக் கீறி, பக்கத்தில் இலக்கமும் எழுதி, முத்து முத்தாகச் செய்து தந்திருந்தார்.

புதன் காலை ஒன்பது மணிக்கு அக்கா அட்டவணைப் பட்டியலை முடித்துவிட்டார். தாளை மாற்றிப் படங்களின் பட்டியலைத் தொடங்கினார். மூன்று படம் அடித்ததும் கையை நீட்டினார்.

"தம்பி, அந்த நாலாம் படத்தை ஒருக்காத் தாங்கோ. தலைப்பு அதிலை எப்பிடிக் கிடக்கோ அப்பிடியே போட வேணும்."

விரித்துக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. விரலைப் படத்தில் வைத்து, வாய்க்கால் வழியே மெல்ல நகர்த்தினார்.

"இது எங்கட வாய்க்கால். இது பிள்ளையார் கோயில்." விரல் ஒரு சதுரத்தில் நின்றது. "அப்ப முப்பத்தொண்டு எங்கட வீடு."

"ஓம் அக்கா. அச்சொட்டாக் கீறியிருக்கிறார், என்ன?" என்று நான் பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது.

அக்கா சிரிக்கவில்லை. சற்று முன் அடித்து முடித்த அட்டவணைப் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனார். அவர் எதையும் வாசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் முறை. பதினேழில் நின்றார். 'சீதனமாகப் பிரிக்கப்பட்ட காணிகள்', பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. தாள் கட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். முதல் நிரலில் இலக்கங்கள். பத்தாவது வரியில் முப்பத்தொன்று. ஐந்து ஏக்கரில் இரண்டரை, மூத்த மகளுக்கு.

"இந்த மூத்த மகள் நான்தான்," என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. "பெயர் ஒண்டும் போடேல்லைத்தானே அக்கா" என்றேன்.

"பெயர் என்னத்துக்குத் தம்பி? வீட்டைக் கீறி இலக்கம் போட்டிருக்கிறியள். அதே இலக்கத்தைப் போட்டு, ஆர் காணி பிரிச்சது எண்டும் எழுதியிருக்கிறியள். எது எந்தப் பக்கத்திலை கிடக்கு எண்டு நான் லிஸ்ற்றும் அடிச்சுத் தந்திருக்கிறன்."

அட்டவணையை எழுதும்போது அட்டவணையை மட்டும் பார்த்தேன். படத்தைக் கேட்கும்போது படத்தை மட்டும் நினைத்தேன். ஒன்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், மற்றது முப்பத்தெட்டாம் பக்கத்துக்கு எதிரே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது இந்தப் பட்டியல்தான்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது அந்தக் குடும்பங்களைப் பற்றிய கவலை இல்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிதான் வந்தது. "இதை ஆர் அக்கா இருந்து ஒப்பிட்டுப் பாக்கப் போறாங்கள்?" என்று கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கட அப்பா பொய் சொல்லத் தெரியாத மனுசன். நீங்கள் வந்து கேட்டு, வெளியிலை போகாது எண்டு சொன்னபடியால்தான் சொன்னவர். இந்தப் பெர்மிற் போனால் அவருக்கும் காணி இல்லை, எனக்கும் காணி இல்லை. எங்களைப் போல இன்னும் இருபத்திரண்டு வீடு இந்தத் தாளிலை கிடக்கு. ஒரு புத்தகம் கந்தோரிலை எண்டு சொன்னனீங்களல்லே?"

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. படத்தின் மூலப் பிரதி அந்தக் கந்தோரில், படவரைஞரின் மேசை லாச்சிக்குள். பதினேழாம் அட்டவணை அதே கந்தோரில், உத்தியோகத்தரின் மேசையில், நேற்று என் கையாலேயே வைத்தது. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். எழும்பினேன், இருந்தேன், மறுபடி எழும்பினேன். அட்டவணையை அடியோடு எடுத்துவிடுவோம் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பதினேழை எடுத்தால் பதினெட்டுப் பதினேழாகும். பிறகு கடைசி மட்டும் எல்லா இலக்கமும் மாறும். உள்ளுக்கை 'பதினெட்டாம் அட்டவணையைப் பார்க்க' எண்டு எத்தினை இடத்திலை எழுதியிருக்கிறியள்? ஒரு கிழமை வேணும் தம்பி. அட்டவணை இருக்கட்டும். இலக்கம் இருக்கிற நிரலை மட்டும் எடுப்பம்."

அப்படியே இருந்தோம் வேலைக்கு. நிரலை எடுத்தால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். வரிசையையும் கலைக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். இலக்க ஒழுங்கில் இருந்தால் கொஞ்சம் யோசிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். காணியின் அளவுப்படி வரிசையை மாற்றினேன். பிறகு குடும்பத்தில் எத்தனை பேர் என்ற நிரலில் விரலை வைத்தார். "பதினொரு பேர் இருக்கிற வீடு இந்தப் பக்கத்திலை ஒண்டுதான். சங்கக்கடைக்குப் போற எல்லாருக்கும் தெரியும்." அதை 'ஏழும் அதற்கு மேலும்' என்று ஆக்கினோம். ஒரு வருடம் திரிந்து ஆராய்ந்தவன் நான். அந்த ஊரில் எது எவரைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அட்டவணையோடு முடியவும் இல்லை. வியாக்கியானத்தில் மூன்று பக்கங்களில், 'முப்பத்தொன்றாம் இலக்க வீட்டில்', 'நாற்பத்திநாலாம் இலக்க வீட்டில்' என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன். அவற்றை 'ஒரு வீட்டில்', 'இன்னொரு வீட்டில்' என்று மாற்ற வேண்டும். ஆனால் ஒரு வரி கூடினால் பக்கம் தள்ளும். பக்கம் தள்ளினால் பட்டியல் இரண்டும் பிழைக்கும். ஒவ்வொரு பக்கமும் பழைய பக்கம் முடிந்த அதே சொல்லில் முடிய வேண்டும். நான் வசனத்தை நீட்டியும் சுருக்கியும் எழுதிக் கொடுக்க, அக்கா எழுத்தை எண்ணி, "இன்னும் ஆறு எழுத்துக் கூட", "இதிலை நாலு குறையுங்கோ" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அன்றைக்கு நான் எழுதிய ஆங்கிலம் அவ்வளவு நல்லதில்லை. நீளம் மட்டும் சரியாக இருந்தது.

நாலு பக்கமும் மிச்சமிருந்த படங்களின் பட்டியலும் முடியப் பகல் இரண்டரை தாண்டிவிட்டது. இருவரும் சாப்பிடவில்லை. பசி என்ற ஒன்று இருந்ததே நினைவில்லை. கந்தோருக்கு உரிய புதுத் தாள்களையும் பட்டியலையும் ஒரு பைலுக்குள் வைத்துச் சைக்கிளில் ஏறினேன். வாசல் படலையில் நின்று அக்கா, "பழைய தாளைக் கையோடை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். "வாங்காமல் வராதேங்கோ" என்றும் சொன்னார்.

வழி முழுக்க ஒரே யோசனைதான். அவர் வாசித்திருப்பாரோ? படவரைஞரைக் கூப்பிட்டிருப்பாரோ? தெரியாத தெய்வமெல்லாம் கும்பிட்டேன். சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. இரண்டாம் தடவை மாட்டும்போது கையெல்லாம் கிறீஸ். தாளில் பட்டுவிடுமே என்று அதற்கும் ஒரு பயம்.

காணி உத்தியோகத்தர் தன் அறையில் இருந்தார். நடுத்தர வயது, அளந்து பேசுகிற மனிதர். என் ஆய்வேடு அவர் முன்னால் மேசையில் திறந்து கிடந்தது.

"வாரும், இரும்," என்றார். "உம்மட லிஸ்ற்றைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். அது இல்லாமல் எதை எங்கை தேடுறது எண்டு தெரியேல்லை. தாரும்."

"ஐயா, லிஸ்ற்றும் கிடக்கு. நாலு பக்கத்திலை பிழையும் வந்திட்டுது. புதுத்தாள் கொண்டந்திருக்கிறன். பைலைத் தந்தால் நானே மாத்தி வைக்கிறன்."

"பரவாயில்லை, நான் மாத்திறன். எந்தப் பக்கங்கள்?"

மறைக்க இடம் இல்லை. "நூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து, பதினெட்டு" என்றேன்.

அவர் நிதானமாகப் புரட்டினார். நூற்றுப் பன்னிரண்டு வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார். எதிரே இருந்த எனக்கு எழுத்துக்கள் தலைகீழாகத் தெரிந்தன. அவருடைய விரல் முதல் நிரலில் மேலிருந்து கீழே போனது. கீழே போய், மறுபடி மேலே வந்தது. பிறகு நான் கொடுத்த புதுத் தாளை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். முதல் நிரல் இல்லாத தாள். இரண்டையும் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். வெளியே யாரோ பைல் கட்டைத் தொப்பென்று போட்ட சத்தத்துக்கு நான் திடுக்கிட்டேன். அவர் அசையவில்லை.

எனக்கு அந்த இருபத்துமூன்று வீட்டு முற்றமும் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. யார் யார் என்னை இருத்தி மோர் தந்தார்கள், யார் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதிரை எடுத்துவரச் சொன்னார்கள் என்றெல்லாம் நினைவு வந்தது. காலையில் வர வேண்டிய கவலை அப்போதுதான் எனக்கு வந்தது.

கடைசியில் அவர் பைலின் நாடாவை அவிழ்த்து, அந்த நாலு பக்கத்தையும் தானே கழற்றி, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி என் பக்கம் நீட்டினார்.

"பிழையான தாள் கந்தோரிலை கிடக்கக் கூடாது," என்றார். "பிறகு வாற ஆளுக்கு எது சரி, எது பிழை எண்டு தெரியாது. கொண்டு போம்."

புதுத் தாள்களை உரிய இடத்தில் வைத்து, பட்டியல்களையும் முன்னால் சேர்த்து, நாடாவைக் கட்டிவிட்டு வேறு பைலை எடுத்துக்கொண்டார். நன்றி சொல்லவும் பயமாக இருந்தது. நன்றி சொன்னால் எதற்கு என்று ஆகிவிடும். தலையை மட்டும் தாழ்த்திவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா படலையடியிலேயே நின்றார். தாள்களை வாங்கி எண்ணினார். தன்னிடம் இருந்த மற்ற நாலு பிரதியின் பழைய பக்கங்களையும் சேர்த்து எண்ணினார். இருபது தாள். குசினிக்குள் போய் அடுப்பில் வைத்தார். காபன் தாள்களையும் விடவில்லை. அதிலும் எழுத்துப் பதிந்திருக்கும் என்றார். எல்லாம் எரிந்து முடிந்த பிறகுதான், "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவருக்கு விளங்கியிருக்குது" என்றார். நான் அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அடக்க முடியவில்லை.

மறுநாள் காலைக் கோச்சியில் போய், வெள்ளி பின்னேரம் மூன்றரை மணிக்குப் பசை காயாத புத்தகத்தை ஒப்படைத்தேன்.

மூன்று மாதம் கழித்து நேர்முகப் பரீட்சை. பரிசோதகர் ஒருவர் பட்டியலில் விரலை வைத்து நேரே பதினேழுக்குத்தான் வந்தார். மற்ற எல்லா அட்டவணையிலும் வீட்டு இலக்கம் இருக்க, முக்கியமான இந்த ஒன்றில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். இலக்கம் இல்லாமல் இதை எப்படிச் சரிபார்ப்பது? மூலக் குறிப்புகளையாவது தர முடியுமா? நான் ஊர் திரும்பிய அன்றே அந்தக் குறிப்புகளையும் எரித்துவிட்டிருந்தேன். என் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னேன். பட்டம் தந்தார்கள். மேலே படிக்க வெளிநாடு அனுப்பும் சிபாரிசு மட்டும் இன்னொருவருக்குப் போயிற்று. எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். பல வருடம் அந்தக் கவலை இருந்தது.

அந்தக் குடியேற்றத்தில் அந்தக் காரணத்துக்காக யாருடைய பெர்மிற்றும் போனதாக நான் கேள்விப்படவில்லை. இன்றைக்கும் யாராவது என்னை நம்பித் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினால், வெளியில் போகாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புவதில்லை: அன்று அறுபது வாசலில் வாக்குக் கொடுத்தவன் நான், அதைக் காப்பாற்றியவர் அந்த அக்கா, பட்டம் மட்டும் என் பெயரில் இருக்கிறது.